ஐயாயிரம் க்ளிக், ஒரு புடவை

"மாமா, ஐயாயிரம் க்ளிக் வந்திருக்கு!"

"சரிடா மாப்ளே, புடவை எத்தனை போச்சு?"

"ஒண்ணு..."

சின்னாளபட்டியில் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சின்னக் கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைக்காரர் தன் அக்கா மகனிடம் ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்து, "நம்ம கடையை ஃபேஸ்புக்குல போட்டு விடுடா" என்கிறார். பையன் கெட்டிக்காரன். புடவைப் படத்தை ஏற்றினான். வெப்சைட் முகவரியைக் கொடுத்தான். 'எதற்காக விளம்பரம்?' என்ற கேள்விக்கு 'ட்ராஃபிக்' என்று தேர்ந்தெடுத்தான். 'எங்கே காட்ட வேண்டும்?' என்ற கேள்வி வந்தபோது, அட்வான்டேஜ் ப்ளஸ் என்ற விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டான். ஒரு வாரத்தில் பணம் தீர்ந்தது. மேலே இருக்கிற பேச்சு அதற்கு மறுநாள் நடந்தது.

கடை, மாமா, மாப்பிள்ளை, க்ளிக் கணக்கு எல்லாமே கற்பனைதான். ஆனால் செல்போனில் விளம்பரம் கொடுத்துப் பார்த்த எந்தச் சின்ன வியாபாரியிடம் இதைச் சொன்னாலும் "அட, நம்ம கதை!" என்பார்.

தப்பு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விலை அதிகம் என்பார் ஒருவர். படம் சரியில்லை என்பார் இன்னொருவர். டார்கெட்டிங் சரியில்லை, வயதை மாற்று, ஊரை மாற்று என்பார் மார்க்கெட்டிங் படித்தவர். விளம்பரம் எந்த இடத்தில் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் மற்றதை எல்லாம் மாற்றிக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்குகிற கதை.

செல்போன் விளம்பரத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, இடத்தை விற்கிறவரிடமே விட்டுவிடுவது சின்ன வியாபாரியைப் பொறுத்தவரை பண விரயம். 'எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும்' என்ற உபதேசம் பெரிய கம்பெனிக்குச் சரியாக இருக்கலாம். சுங்குடிக் கடைக்குச் சரியில்லை.

இடம் பார்த்து விளம்பரம் கொடுத்தவர்கள்தான்

இதே கடைக்காரரின் அப்பா காலத்தை எடுத்துக்கொள்ளலாம். சுவர் விளம்பரம் எழுத வேண்டும் என்றால் பஸ் ஸ்டாண்டு வாசலா, ரயில்வே கேட் பக்கமா என்று நடந்து போய்ப் பார்ப்பார். கேட் மூடினால் பஸ் நிற்கும், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் வேறு வழியில்லாமல் சுவரைப் படிப்பார் என்று கணக்குப் போடுவார். தியேட்டரில் ஸ்லைடு போட வேண்டும் என்றால் இடைவேளையில் போடச் சொல்லிச் சண்டை போடுவார். பேப்பரில் முதல் பக்கத்துக்கு ஒரு ரேட், உள்பக்கத்துக்கு ஒரு ரேட் என்று தெரிந்து, கையில் இருக்கிற காசுக்கு எது கட்டுப்படியாகும் என்று பேரம் பேசுவார்.

எந்த மார்க்கெட்டிங் புத்தகமும் படிக்காதவர். ஆனால் ஒன்று அவருக்குத் தெரியும். விளம்பரம் கண்ணில் பட்டால் மட்டும் போதாது, பார்க்கிறவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதும் முக்கியம்.

அவருடைய மகன் கடைக்குப் பலகை மாட்டக்கூட இடம் பார்க்கிறார். செல்போனில் மட்டும், "எங்கே வேணாலும் போட்டுக்கோங்க சாமி" என்று கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுத்துவிடுகிறார். அது ஏன்?

மொபைல் என்று டிக் போட்டால் போதுமா?

2012 பிப்ரவரியில் ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வரப் பத்திரம் தாக்கல் செய்தபோது, மொபைலில் இருந்து நேரடியாகச் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் எதுவும் இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. மே மாதம் 38 டாலருக்கு விற்ற பங்கு, செப்டம்பரில் 18 டாலருக்கும் கீழே போனது. எல்லாரும் செல்போனுக்குப் போகிறார்கள், அந்தச் சின்னத் திரையில் விளம்பரத்தை எங்கே வைப்பது என்பதுதான் அன்றைய பயம். கம்ப்யூட்டரில் வலது ஓரத்தில் விளம்பரத்துக்கு இடம் இருந்தது. செல்போனில் ஓரமே கிடையாது!

அதற்குக் கண்டுபிடித்த விடை, விளம்பரத்தை நண்பர்களின் பதிவுகளுக்கு நடுவிலேயே செருகுவது. 2013 கடைசிக் காலாண்டில் அதன் விளம்பர வருமானத்தில் பாதிக்கு மேல், 53 சதவீதம், மொபைலில் இருந்து வந்தது. 2018 கடைசிக் காலாண்டில் 93 சதவீதம். ஓரம் இல்லாத திரையில்தான் அந்தச் சாம்ராஜ்யமே எழுந்தது.

ஆகவே இன்றைக்கு ஒருவர் "மொபைல் யூசர்களுக்கு மட்டும் காட்டுகிறேன்" என்று பெருமையாக டிக் போட்டால், பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. கிட்டத்தட்ட எல்லாரும் மொபைல்தான். உண்மையான தேர்வு அதற்குள்ளே இருக்கிறது.

ஃபேஸ்புக் ஃபீட், இன்ஸ்டாகிராம் ஃபீட், இரண்டிலும் ஸ்டோரீஸ், இரண்டிலும் ரீல்ஸ், மார்க்கெட்ப்ளேஸ், தேடல் முடிவுகள், இன்ஸ்டாகிராம் எக்ஸ்ப்ளோர் என்று ஒரு டஜனுக்கு மேல் இடங்கள். 2025இல் த்ரெட்ஸும் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில், வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு நடுவிலும் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். இது போக, 2014இல் தொடங்கிய ஆடியன்ஸ் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு. அது ஃபேஸ்புக்கிலும் இல்லை, இன்ஸ்டாகிராமிலும் இல்லை. மற்றவர்களுடைய ஆப்களுக்கு உள்ளே, முக்கியமாக விளையாட்டு ஆப்களுக்கு உள்ளே, வருவது. அட்வான்டேஜ் ப்ளஸ் என்று விட்டுவிட்டால் தகுதியுள்ள எல்லா இடமும் அதில் அடக்கம்.

கட்டை விரல் என்ன செய்கிறது?

செல்போனில் இடம் என்று சொல்வதை விட, கட்டை விரல் என்ன வேலையாக இருக்கிறது என்று கேட்பது நல்லது.

ஃபீடில் விரல் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டு போகிறது. பிடித்த படம் வந்தால் நிற்கும். கீழே நாலு வரி எழுதியிருந்தால் படிக்கும். புடவையின் விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா என்பதை எல்லாம் சொல்ல அங்கே இடமும் இருக்கிறது, கேட்கப் பொறுமையும் இருக்கிறது.

ஸ்டோரீஸில் விரல் தட்டிக்கொண்டே போகிறது. சித்தி பெண்ணின் வளைகாப்பு, அடுத்தது, அடுத்தது. அசையாத படம் என்றால் ஐந்து நொடிதான் ஆயுசு. அதற்குள் ஒரு புடவை, ஒரு விலை, முடிந்தது.

ரீல்ஸில் விரல் இழுத்துத் தள்ளுகிறது. பாட்டும் சிரிப்புமாக ஓடுகிற இடத்தில் அசையாத போஸ்டர் வந்தால், கல்யாண வீட்டில் பத்திரிகை இல்லாமல் நுழைந்தவர் மாதிரி தெரிந்துவிடும். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணியைப் பிரித்துக் காட்டுகிற பத்து நொடி வீடியோ இருந்தால் அதே ரீல்ஸ் பிரமாதமான இடம்.

ஆடியன்ஸ் நெட்வொர்க்கில்? அங்கே விரல் விளையாடிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் முழுத் திரையையும் மறைத்துக்கொண்டு விளம்பரம் வருகிறது. விரல் அந்தப் பொடிப் பெருக்கல் குறியைத் தேடுகிறது. தவறிப் பட்டால் க்ளிக்! இன்னொரு வகையில், இந்த வீடியோவை முழுக்கப் பார்த்தால் ஆட்டத்தில் ஒரு உயிர் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். பார்க்கிறவர் உயிருக்காகப் பார்க்கிறார், சுங்குடிக்காகப் பார்க்கவில்லை.

விரல் தவறுவது யாரோ கிளப்பிவிட்ட புரளி அல்ல. ஆடியன்ஸ் நெட்வொர்க்கில் விளம்பரத்தைத் தட்டி இரண்டு நொடிக்குள் திரும்பி ஓடிவிடுகிறவர்களுக்குக் காசு வாங்க மாட்டோம் என்று 2017 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கே அறிவித்தது. சிக்கல் இருந்ததால்தானே அறிவிப்பு? 2020இல், மொபைல் வெப்சைட்களில் இந்த நெட்வொர்க்கை நடத்துவதையே நிறுத்திவிட்டார்கள். ஆப்களில் மட்டும் தொடர்கிறது. சரி, இரண்டு நொடியில் ஓடுகிறவருக்குக் காசு இல்லை. மூன்றாவது நொடியில் ஓடுகிறவருக்கு?

மெஷின் பொய் சொல்லவில்லை

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெஷின் யாரையும் ஏமாற்றவில்லை. 'ட்ராஃபிக்' என்றால் க்ளிக் கொண்டு வா என்று பொருள். எங்கே க்ளிக் மலிவோ அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்தது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற வேலைக்காரன். பத்து ரூபாய்க்கு எது நிறைய கிடைக்குமோ வாங்கி வா என்று சந்தைக்கு அனுப்பினால், அழுகின தக்காளி நிறைய கிடைக்கத்தான் செய்யும்.

ஒரு மாதிரிக் கணக்கு. (எண்கள் கணக்குக்காக மட்டும்.) ஆடியன்ஸ் நெட்வொர்க்கில் க்ளிக் ஒரு ரூபாய். ஐயாயிரம் ரூபாய்க்கு ஐயாயிரம் க்ளிக். ஆர்டர் ஒன்று. ஃபீடில் க்ளிக் ஐந்து ரூபாய். அதே பணத்துக்கு ஆயிரம் க்ளிக்தான். ஆர்டர் இருபது. டேஷ்போர்டில் முதலாவது ஐந்து மடங்கு மலிவு என்று தெரியும். கல்லாவில் பார்த்தால் முதலாவதில் ஒரு புடவை விற்க ஐயாயிரம் ரூபாய் செலவு, இரண்டாவதில் இருநூற்றைம்பது. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம்தான்: எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடக்க விலை. க்ளிக்கால் வகுத்தால் ஒரு விடை, புடவையால் வகுத்தால் வேறொரு விடை.

செலவும் வெறும் ஐயாயிரத்தோடு நிற்பதில்லை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 5,900. முறையாகப் பதிவு செய்தவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கோ, பதிவே இல்லாதவருக்கோ அந்த வசதி கிடையாது. தொள்ளாயிரமும் கைக்காசு. யாருடைய பணம் சின்னதோ அவருக்குத்தான் விரயம் பெரிது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

முதல் வாதம்: கோடிக்கணக்கானவர்களின் பழக்கத்தைப் பார்த்த மெஷினை விடக் கடைக்காரருக்கு அதிகம் தெரியுமா?

மக்களின் பழக்கத்தைப் பற்றி மெஷினுக்குத்தான் அதிகம் தெரியும். விற்பனையைப் பற்றி? அந்த நிறுவனமே சொல்கிற கணக்குப்படி, ஒரு விளம்பரத் தொகுப்பு 'கற்றுக்கொள்ளும் கட்டத்தை'த் தாண்ட, வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் கிடைக்க வேண்டும். விற்பனையைப் பலனாக வைத்தால் வாரத்துக்கு 50 விற்பனை. சுங்குடிக் கடைக்கு ஒரே விளம்பரத்தில் வாரம் 50 புடவை போனால், விளம்பரத்தை நிறுத்திவிட்டு நெசவாளரைத்தான் தேட வேண்டியிருக்கும்!

அதை விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இங்கே சின்னக் கடையின் வியாபாரம் வெப்சைட்டில் முடிவதே அபூர்வம். படத்தைப் பார்ப்பார்கள். நம்பரைக் குறித்துக்கொண்டு போன் பண்ணுவார்கள். "அந்த அரக்கு கலர் இருக்கா?" என்று வாட்ஸப்பில் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கடைக்கே வருவார்கள். இந்த விற்பனை எதுவும் தானாக மெஷினின் காதில் விழாது. திருப்பிச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் பில் புத்தகத்தையே ராத்திரி பத்து மணிக்கு எழுதுகிற கடையில் அதை யார் செய்வது? ஆக மெஷின் பார்ப்பது க்ளிக்கோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கிறவர் கடைக்காரர் ஒருவரே. பார்க்காதவரிடம் முடிவை ஒப்படைத்துவிட்டுப் பார்த்தவர் சும்மா இருப்பது என்ன நியாயம்?

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. இடவாரியாகப் பிரித்துப் பார்த்து, இது மலிவு இது விலை அதிகம் என்று வெட்டாதீர்கள் என்கிறது நிறுவனம். மெஷின் பார்ப்பது சராசரிச் செலவை அல்ல, அடுத்த பலனுக்கு ஆகும் செலவை. இன்றைக்கு மலிவாகத் தெரிகிற இடத்தில் அடுத்த பலன் விலை ஏறியிருக்கலாம், அதனால்தான் அது வேறு இடத்துக்குப் பணத்தை நகர்த்தியிருக்கும். அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தால் இது புரியாது என்கிறார்கள்.

பொருளாதாரம் படித்தவர் மறுக்க முடியாத வாதம். இறுதிநிலைச் செலவு என்று வகுப்பில் எழுதியதுதான். ஆனால் இது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. 'பலன்' என்று குறித்தது உண்மையிலேயே கடைக்கு வேண்டிய பலனாக இருக்க வேண்டும். க்ளிக்கைப் பலன் என்று குறித்துவிட்டு, அடுத்த க்ளிக்கின் இறுதிநிலைச் செலவை மெஷின் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டால்தான் என்ன? உதவாத க்ளிக்கின் இறுதிநிலைப் பயன் பூஜ்யம். பூஜ்யத்தை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் நஷ்டம்தான்.

மூன்றாவது: இடத்தைக் குறைத்தால் போட்டி கூடும், காட்டுகிற செலவு ஏறும். உண்மைதான், ஏறும். பஸ் ஸ்டாண்டு வாசல் சுவரும் ஊருக்கு வெளியே இருக்கிற சுவரை விட விலை அதிகம்தான். அதற்காக அப்பா ஊருக்கு வெளியே எழுதவில்லை.

எதிர்த்தரப்பு சரியாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. வெப்சைட்டிலேயே பணம் வாங்கி, ஒவ்வொரு விற்பனையும் மெஷினுக்குத் தெரிகிறபடி அமைத்து, வாரத்துக்கு ஐம்பதுக்கு மேல் ஆர்டர் பார்க்கிற கடை என்றால், நோக்கத்தை 'விற்பனை' என்று வைத்து இடத்தை மெஷினிடம் விடலாம். அங்கே மனிதனை விட அது நன்றாகவே செய்யும். கெடுதல் என்னவென்றால், அந்தக் கடைகளுக்குச் சொன்ன அறிவுரையை எல்லாருக்கும் பொது விதியாக யூட்யூபில் பாடம் நடத்துவதுதான்.

ஒரே சட்டை எல்லாருக்கும்

தானியங்கி இடத்தேர்வில் இன்னொரு கஷ்டம், அளவு. ஃபீடுக்குச் சதுரமும் 4:5உம் பொருந்தும். ஸ்டோரீஸ், ரீல்ஸ் இரண்டும் நெட்டுக்குத்தாக 9:16. கடைக்காரரிடம் இருப்பதோ அச்சகத்தில் போட்ட நோட்டீஸின் ஒரே ஒரு படம். மேலே சாமி படம், நடுவில் நாலு புடவை, 'ஆடித் தள்ளுபடி' என்று ஒரு நட்சத்திரம், கீழே முகவரி, இரண்டு போன் நம்பர்.

அதை ரீல்ஸுக்கு என்று நெட்டாக நீட்டினால் என்ன ஆகும்? ரீல்ஸ் விளம்பரத்தில் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கங்களில் 6 சதவீதம் எழுத்தும் லோகோவும் இல்லாமல் விட வேண்டும் என்பது மெட்டாவின் அறிவுரை. ஏனென்றால் கடையின் பெயர், விவரம், பட்டன் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீழேயே போய்விட்டது. போன் நம்பர் எங்கே இருந்தது? அங்கேதான்! காசு கொடுத்துக் காட்டிய விளம்பரத்தில் போன் நம்பரை மறைத்துவைத்த பெருமை கடைக்காரருக்கு.

அறிவிப்புப் பலகையில் மெஷின் இதையும் சரிசெய்யும் என்று சொல்வார்கள். வெட்டும், நீட்டும், பின்னால் கலர் பூசும். சுங்குடியில் புள்ளியும் நிறமும்தான் சரக்கு. அதில் யார் கை வைப்பது என்பதைக் கடைக்காரர் முடிவு பண்ண வேண்டாமா?

அளக்கிறவரும் அவரே

பேப்பரில் விளம்பரம் கொடுத்த காலத்தில், எத்தனை பிரதி விற்கிறது என்று பேப்பர்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1948இல் இருந்து இந்தியாவில் ஏபிசி என்ற தணிக்கை அமைப்பு இருக்கிறது. பதிப்பாளர்களும், விளம்பரம் கொடுப்பவர்களும், ஏஜென்சிகளும் சேர்ந்த அமைப்பு. படியில் அளக்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர்.

செல்போனில் இடத்தை விற்பதும், எங்கே போடலாம் என்று பரிந்துரைப்பதும், எவ்வளவு பலன் வந்தது என்று அளந்து சொல்வதும் பெரும்பாலும் ஒரே கை. அந்தக் கை தவறியதும் உண்டு. மக்கள் வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கைக் கூட்டிக் காட்டிவிட்டதாக 2016இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்காததுதான் காரணம். சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை ஊதிப்போயிருந்தது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் 4 கோடி டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. வழக்குப் போடப் பெரிய விளம்பரதாரருக்கு வக்கீல் இருந்தார். சின்னாளபட்டிக்கு?

இதில் சதி ஏதும் தேட வேண்டியதில்லை. 2024இல் மெட்டாவின் மொத்த வருமானம் சுமார் 164 பில்லியன் டாலர். அதில் 160க்கு மேல் விளம்பரம். விற்காமல் கிடக்கிற இடம் எல்லாம் அவர்களுக்குத் தேங்கிய சரக்கு. தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காத வியாபாரி உலகத்தில் உண்டா? 'பரிந்துரை' என்று எழுதியிருக்கிற இடத்தில் அது யாருடைய நன்மைக்கான பரிந்துரை என்று கேட்டுவிட்டு டிக் போட்டால் போதும்.

சரி, என்னதான் செய்வது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

1. முதலில் நோக்கம். வெப்சைட்டுக்கு ஆள் வேண்டும் என்றால்கூட, 'லிங்க் க்ளிக்' என்பதை விட்டுப் 'லேண்டிங் பேஜ் வியூ' என்று வைக்கலாம். பக்கம் திறந்தால்தான் அது பலன். வியாபாரம் வாட்ஸப்பில் நடக்கிற கடை என்றால், நேராக வாட்ஸப் உரையாடலைத் திறக்கிற விளம்பரமே மேல்.

2. 'மேனுவல் ப்ளேஸ்மென்ட்' போய் இரண்டே இரண்டு இடம். கையில் நல்ல படம் இருந்தால் ஃபீடும் ஸ்டோரீஸும். துணியைப் பிரித்துக் காட்டுகிற வீடியோ இருந்தால் ஃபீடும் ரீல்ஸும். ஆடியன்ஸ் நெட்வொர்க்குக்கு முதல் நாளே கும்பிடு.

3. அதற்காகக் கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது. 'வைஃபையில் இருக்கும்போது மட்டும் காட்டு' என்று ஒரு பெட்டி அங்கே உண்டு. பெரிய ஆப்பை இறக்கச் சொல்கிறவருக்கு அது உதவும். 2016இல் ஜியோ வந்த பிறகு மொபைல் டேட்டாவிலேயே வாழ்கிற ஊரில், புடவைக் கடைக்காரர் அதை டிக் அடித்தால் வாடிக்கையாளர் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாதிரி. கையால் தேர்ந்தெடுப்பது என்றால் யோசித்துத் தேர்ந்தெடுப்பது.

4. ஒவ்வோர் இடத்துக்கும் தனி விளம்பரத் தொகுப்பு, தனி அடையாளம். வாட்ஸப் திறக்கும்போது தானாக வருகிற வாசகத்தில் ஃபீடுக்கு 'சு1', ஸ்டோரீஸுக்கு 'சு2' என்று ஒரு குறி. வருகிற ஆர்டரை நோட்டில் குறியோடு எழுதினால், பத்து நாளில் எந்த இடத்தில் எத்தனை புடவை போனது என்று நோட்டே சொல்லிவிடும். அந்த நோட்டு மெஷினிடம் கிடையாது.

5. கடைசியாக, ஆட்ஸ் மேனேஜரில் 'ப்ரேக்டவுன்' என்ற பட்டனை அழுத்தி 'ப்ளேஸ்மென்ட்' என்று பிரித்தால் எந்த இடத்துக்கு எவ்வளவு போனது என்று வரிசையாகக் காட்டும். இது ஒளித்து வைக்கப்பட்ட ரகசியம் அல்ல. யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் சோதனையில் ஃபீட் தோற்று ஸ்டோரீஸ் ஜெயிக்கலாம். ஏதோ ஒரு கடைக்கு ஆடியன்ஸ் நெட்வொர்க்கே ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். ஜெயித்தால் தாராளமாகப் பணத்தை அங்கே போடட்டும். கல்லா சொல்லிப் போட வேண்டும் என்பதுதான் விஷயம்.

மாமாவுக்கு ஆப் தெரியாது, 9:16 தெரியாது, இறுதிநிலைச் செலவு தெரியாது. ஆனால் "புடவை எத்தனை போச்சு?" என்று கேட்டார் பாருங்கள், மொத்த டேஷ்போர்டிலும் இல்லாத கேள்வி அது. மாப்பிள்ளை அதைப் பணம் தீர்ந்த பிறகு கேட்டுக்கொண்டான். டிக் போடுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் நாலாயிரமாவது மிஞ்சியிருக்கும்.

கடைக்கோ, காலேஜ் விழாவுக்கோ, அக்காவின் தையல் யூனிட்டுக்கோ விளம்பரம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கு ராத்திரியே அந்த ப்ரேக்டவுனைத் திறந்து பாருங்கள். பணம் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு, தூக்கம் வந்தால் தூங்குங்கள்.